ஊசி மருந்தின் விலையை முடிவு செய்வது எது?

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ராணிப்பேட்டையில், 1932-ஆம் ஆண்டில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தொடங்கப்பட்டது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவந்த வெக்கை நோய்க்கு எதிரான ஊசி மருந்தை அரசே அங்குத் தயாரித்தது. 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பொதுநலத்துக்காக அரசே மருந்து செய்வது ஒரு வழி.

வேறொரு வழியும் உண்டு. இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் 1923-இல் அதன் காப்புரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு அளித்துவிட்டனர்.

மூன்றாவது வழி சட்டம். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. வேறு முறையில் செய்த நம் நிறுவனங்களால் மருந்துகள் மலிந்தன. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது.

உடல் எடையைக் குறைக்கும் இன்றைய ஊசிகள் இப்புதிய சட்டக் காலத்தைச் சேர்ந்தவை. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு இவை பசியைத் தணிக்கின்றன. 2025 மார்ச்சில் மவுஞ்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒரு குப்பி வீதம் நான்கு வாரத்துக்கு முறையே 14,000, 17,500 ரூபாய். அவ்வாண்டு ஜூனில் வந்த வெகோவி, தொடக்க மூன்று அளவுகளுக்கும் மாதம் 17,345 ரூபாய் என ஒரே விலை வைத்தது. மிக உயர்ந்த அளவுக்கு 26,015 ரூபாய். நவம்பரில் அதன் தொடக்க அளவு 10,850 ரூபாயாக இறங்கியது. செமாக்ளூடைடு என்னும் அம்மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதை நினைவிற்கொண்டால், இவ்விறக்கம் வியப்பளிக்காது.

எனவே, இணையவழியில் விலைகளை ஒப்பிடும்போது தொடக்க விலையை மட்டும் பார்க்காதீர்கள். மருந்தின் அளவு படிப்படியாகக் கூட்டப்படும். அதோடு விலையும் கூடலாம். மருத்துவர் கட்டணத்தையும், குளிர் கெடாமல் அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மாதக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கே உண்மையான கணக்கு. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்குப் பின்னரே அக்கணக்கைத் தொடங்குங்கள்.