தான்சானியா: அரசும் கொடை நாட்டுத் தூதரகங்களும்

வெளிநாட்டு உதவியைப் பெருமளவில் நம்பியிருந்த தான்சானியா, அந்த உதவியைக் கொண்டுவரும் தூதரகங்களுடன் நடத்தும் பேச்சை 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றது. கிழக்கு ஆப்பிரிக்க நாடான இதன் முயற்சி, 2005இல் பாரிசில் கையெழுத்தான உதவிப் பயன்திறன் பிரகடனத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கூட்டங்களும் அறிக்கைகளும் சீரடைந்தன. ஆனால் பணம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்ற முடிவு கடைசிவரை கொடை நாடுகளின் தலைநகரங்களிலேயே இருந்தது.

சட்ட நிலை

1961ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு இந்த விஷயத்தில் தெளிவானது. தூதர்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது. அரசுடனான அலுவல்களை வெளியுறவு அமைச்சகத்தின் மூலமோ, இருதரப்பும் ஒப்புக்கொண்ட வேறு அமைச்சகத்தின் மூலமோதான் நடத்த வேண்டும். உதவி வாங்கும் நாடுகளில் இந்த ஒற்றை வாசல் நெடுநாள் நிலைப்பதில்லை. கல்விக்குப் பணம் தரும் தூதரகம் கல்வி அமைச்சரைப் பார்க்கிறது, சாலைக்குத் தருவது பொதுப்பணித் துறைக்குப் போகிறது. யார் எதற்கு எவ்வளவு தருகிறார்கள் என்பது நிதி அமைச்சகத்துக்கே முழுதாகத் தெரியாமல் போகிறது.

பின்னணி

முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே காலத்தில் நிலைமை வேறு. அன்றைய தலைநகர் தாருஸ்ஸலாமில் கிழக்கு ஜெர்மனி துணைத் தூதரகம் வைத்திருந்ததை எதிர்த்து 1965இல் மேற்கு ஜெர்மனி இராணுவ உதவியை நிறுத்தியபோது, மற்ற உதவியையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நைரேரே சொல்லிவிட்டார். அதே ஆண்டு ரொடீசியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தானாகச் சுதந்திரம் அறிவித்த விவகாரத்தில் பிரிட்டனுடனான உறவை முறித்ததில் 75 லட்சம் பவுண்டு கடன் முடங்கியது. அன்னியப் பணத்தை நம்பும் நாடு சுதந்திரத்தைப் பணயம் வைக்கிறது என்ற எச்சரிக்கை 1967ஆம் ஆண்டின் அருஷா பிரகடனத்திலேயே உண்டு. இத்தனைக்கும் பிறகு ஆப்பிரிக்காவில் அதிக உதவி பெற்ற நாடுகளுள் ஒன்றாகத் தான்சானியா ஆனதை வரலாற்றின் முரண் என்றுதான் சொல்ல வேண்டும். நார்டிக் நாடுகளுக்கு நைரேரேயின் சோஷலிசத்தின் மேல் தனிப்பட்ட அபிமானம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

1980களின் பொருளாதார நெருக்கடியும் 1986இல் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாடும் கொடையாளர்களின் பிடியை இறுக்கின. 1990களின் தொடக்கத்தில் சுமார் 40 கொடையாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களை நடத்திவந்தார்கள். பல திட்டங்களுக்குத் தனி அலுவலகம், தனி வங்கிக் கணக்கு, தனி வாகனங்கள், அரசுச் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை. திறமையான அதிகாரிகள் அமைச்சகத்தை விட்டுத் திட்ட அலுவலகங்களுக்குப் போனதில் வியப்பில்லை. நிதியாண்டுகளின் குழப்பம் வேறு. தான்சானியாவுக்கு ஜூலையில் தொடங்கும் ஆண்டு பிரிட்டனுக்கு ஏப்ரலில் தொடங்கும், அமெரிக்காவுக்கு அக்டோபரில், நார்டிக் நாடுகளுக்கு ஜனவரியில். ஒரே மாவட்ட மருத்துவ அலுவலகம் ஒரே செலவுக்கு வெவ்வேறு தேதிகளில் வெவ்வேறு படிவங்களில் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அதிபர் அலி ஹசன் முவின்யி ஆட்சியின் இறுதியில் உறவு முறியும் நிலைக்கு வந்தது. வேண்டியவர்களுக்கு வரிவிலக்கு தாராளமாக வழங்கப்படுகிறது என்று குற்றம்சாட்டி 1994இல் கொடை நாடுகள் உதவியை நிறுத்தின. எங்கள் வீட்டுக்குள் வந்து ஆட்சி நடத்துகிறார்கள் என்பது அரசின் பதில்.

ஹெலைனர் அறிக்கை

இந்த இறுக்கத்தைத் தளர்த்த டென்மார்க் எடுத்த முயற்சி வழக்கத்துக்கு மாறானது. தான்சானிய அரசின் ஒப்புதலோடு ஐந்து பொருளாதார அறிஞர்கள் கொண்ட சுயேச்சைக் குழுவை அது அமைத்தது. தலைவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஹெலைனர், 1960களில் தாருஸ்ஸலாமில் பணியாற்றியவர். டோனி கில்லிக், நூட் எரிக் ஸ்வென்சன் ஆகியோருடன் இப்ராஹிம் லிபும்பா, பென்னோ என்டுலு என்ற இரு தான்சானியர்களும் இருந்தார்கள். லிபும்பா அதே 1995இல் எதிர்க்கட்சியின் அதிபர் வேட்பாளரானார். என்டுலு பின்னாளில் மத்திய வங்கியின் ஆளுநரானார். அரசுக்குத் தலையாட்டும் குழு என்றோ தூதரகங்களின் கைப்பாவை என்றோ இதை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

1995 ஜூனில் வந்த அறிக்கை இரு தரப்பையும் விட்டுவைக்கவில்லை. ஊழலைக் கட்டுப்படுத்தாத, தன் பட்ஜெட்டின் மேல் பிடியை இழந்த அரசு என்று ஒருபுறம் சாடியது. ‘நாட்டின் உரிமை’ என்று பேசிக்கொண்டே எல்லா முடிவையும் தாங்களே எடுக்கும் கொடையாளர்கள் என்று மறுபுறம் சாடியது. கொடையாளர்களின் நடத்தையையும் அரசின் நடத்தையைப் போலவே வெளியாள் அளந்து பார்க்க வேண்டும் என்ற அதன் யோசனைதான், என் கணிப்பில், மிகத் துணிச்சலானது. உதவி பெறுபவனை மட்டுமே தேர்வு எழுத வைக்கும் வழக்கத்தை அது கேள்வி கேட்டது.

1995 இறுதியில் அதிபரான பெஞ்சமின் எம்காபா அறிக்கையைப் பிடித்துக்கொண்டார். 1997 ஜனவரியில் இரு தரப்பும் 18 அம்சங்களில் உடன்பட்டன. அவை நடைமுறைக்கு வந்தனவா என்று ஹெலைனரே திரும்ப வந்து பார்த்துச் சொன்னார். 2002இல் சாமுவேல் வாங்வே தலைமையிலான சுயேச்சைக் கண்காணிப்புக் குழு அந்தப் பணியைத் தொடர்ந்தது.

நடைமுறைகள்

2002இல் தான்சானிய உதவி உத்தியும் 2006இல் கூட்டு உதவி உத்தியும் வெளிவந்தன. மையப் புள்ளி நிதி அமைச்சகம். பணம் அரசின் கருவூலம் வழியாக வர வேண்டும், பட்ஜெட்டில் பதிவாக வேண்டும், நாடாளுமன்றத்தின் கண்ணில் பட வேண்டும் என்பது அடிப்படை. பொதுச் செலவு ஆய்வு முன்பு உலக வங்கியின் வேலையாக இருந்தது. இந்தக் காலத்தில் அரசே அதை முன்னின்று நடத்த, தூதரக அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். சுகாதாரத்தில் 1999 முதல் பல நாடுகளின் பணம் ஒரே பொதுத் தொகுப்பில் சேர்ந்து மாவட்டங்களுக்குப் போனது. தூதரகங்களும் தங்களுக்குள் 2004இல் வளர்ச்சிக் கூட்டாளிகள் குழு என்ற அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன.

‘அமைதிக் காலம்’ என்ற ஏற்பாடு பலருக்கும் பிடித்துப்போனது. ஏப்ரல் முதல் பட்ஜெட் வேலை முடியும்வரை வெளிநாட்டுக் குழுக்கள் வரக் கூடாது, தூதரகங்கள் கூட்டம் கேட்கக் கூடாது. ஜூனில் வாசிக்க வேண்டிய பட்ஜெட்டைத் தயாரிக்கும் அதிகாரிகள், ஏப்ரலில் ஆய்வுக் குழுவுக்கு விமான நிலையத்தில் காத்திருக்கும் நிலை இதனால் குறைந்தது. அவசரம் என்று விதிவிலக்கு கேட்ட தூதரகங்களும் உண்டு. விலக்கு கேட்டுத்தான் வர வேண்டும் என்பதே பெரிய மாற்றம்.

முறிவுகள்

பொதுப் பட்ஜெட் உதவி என்ற பெயரில் பல நாடுகள் ஒன்றாகத் தந்த பணம் ஒன்றாகவே நிற்கவும் முடியும் என்பது 2014இல் தெரிந்தது. மின்சார வாரியத்துக்கும் ஒரு தனியார் மின் நிறுவனத்துக்கும் இடையிலான தாவா முடியும்வரை மத்திய வங்கியில் வைக்கப்பட்டிருந்த தெகெதா எஸ்க்ரோ கணக்கின் பணம் முறைகேடாக வெளியேறியதாகச் சர்ச்சை எழுந்தது. கொடையாளர்கள் ஏறத்தாழ 49 கோடி டாலரை நிறுத்திவைத்தார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் பிரெடரிக் வெரேமா பதவி விலகினார், நில அமைச்சர் அன்னா திபைஜுகா நீக்கப்பட்டார். முன்பெல்லாம் ஒரு நாடு கோபித்தால் இன்னொன்றிடம் போகலாம். ஒருங்கிணைந்த கொடையாளர்களிடம் அந்த வழி அடைபட்டது. சீர்திருத்தத்தைக் கேட்ட அரசே எதிர்பார்க்காத விளைவு இது.

தான்சானியாவின் தன்னாட்சிப் பகுதியான சான்சிபாரில் நடந்த சர்ச்சைக்குரிய தேர்தலையும் இணையக் குற்றச் சட்டத்தையும் காரணம் காட்டி 2016இல் அமெரிக்காவின் மில்லெனியம் சேலஞ்ச் நிறுவனம் 47.2 கோடி டாலர் திட்டத்தைக் கைவிட்டது. அதிபர் ஜான் மகுஃபூலி ஆட்சியில், 2018 நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத் தூதர் ரோலண்ட் வான் டி கீர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தன்பாலினத்தவருக்கு எதிரான பேச்சுகளைக் கண்டித்து டென்மார்க் தன் உதவியில் ஒரு பகுதியை நிறுத்தியதும் அதே மாதம்.

பிற நாடுகள்

ருவாண்டா 2010இல் ஒவ்வொரு கொடையாளருக்கும் மூன்று துறைகளுக்கு மேல் கிடையாது என்று பிரித்துக் கொடுத்தது. போட்ஸ்வானா தொடக்கம் முதலே தன் திட்டத்தில் இல்லாத உதவியை ஏற்பதில்லை என்ற நிலையில் இருந்தது. இந்தியா 2003இல் சில பெரிய கொடையாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, சிறு கொடை நாடுகளிடமிருந்து அரசு நேரடியாக உதவி பெறுவதில்லை என்று அறிவித்தது. மூன்றிலும் மறுக்கும் துணிவு அரசிடம் இருந்தது, இந்தியாவுக்கு மறுக்கும் வசதியும் இருந்தது.

தான்சானியாவில் கூட்டு உதவி உத்தியின் இடத்தை 2017இல் வளர்ச்சி ஒத்துழைப்புச் சட்டகம் எடுத்துக்கொண்டது. இதற்குள் சீனா பெரும் கட்டுமானங்களுக்குக் கடன் தரும் நாடாக வளர்ந்திருந்தது. மேலை நாடுகள் கூடிப் பேசும் மேசையில் அது உட்காரவில்லை, அரசுடன் தனியாகவே பேசுகிறது.