அரை வேகத்தில் ஒரு கலகம்

1979இல் பிரிஸ்டல் நகர இளைஞர்கள் ‘தி பாப் குரூப்’ என்ற பெயரில் ‘ஒய்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள. பெயரில் மட்டும்தான் பாப். உள்ளே பங்க்கின் கோபம், ஃபங்க்கின் தாளம், ஃப்ரீ ஜாஸின் பிளிறல்.

தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல், பார்பேடோஸில் பிறந்த ரெகே கலைஞர். மிக்ஸிங் மேசையையே வாத்தியமாக்கும் ஜமைக்காவின் டப் முறையை இவர்களிடம் கொண்டுவந்தார்: குரலை எதிரொலியில் வீசுவது, கிட்டாரைச் சட்டென்று அணைப்பது.

நாற்பதாம் ஆண்டுக்காக 2019இல் மியூட் நிறுவனம் இதை மீண்டும் வைனிலில் கொண்டுவந்தது. ஆபி ரோட்டில், அரை வேகத்தில் வெட்டிய தட்டு. என் இன்ஜினியர் புத்தி அங்கேதான் போய் நின்றது. ஒலியும் தட்டும் பாதி வேகத்தில் ஓடும்போது வெட்டும் ஊசிக்கு இரட்டிப்பு அவகாசம். உச்ச ஒலிகள் துல்லியமாகப் பதியும்.

“இரைச்சலை எதுக்குப்பா துடைச்சு வைக்கணும்?” என்று கேட்கலாம். துலங்குவது இரைச்சல் மட்டுமில்லை, போவெல் அதன் நடுவே விட்ட இடைவெளிகளும்தான். போஸ்ட்-பங்க் வரலாற்றில் நாம் அதிகம் கேட்பது பாடகர் மார்க் ஸ்டூவர்ட்டின் அலறலை. அந்த அலறலுக்கு இடம் ஒதுக்கியது ஒரு கரீபியக் கை. மறுபதிப்பு என்பது பழசை விற்பது மட்டுமல்ல. யார் செய்த வேலை எது என்று திரும்பக் கேட்க வைப்பதும்கூட.