காற்றை இறக்கிய கோபுரங்கள்

அமைதி தரும் இல்லங்களையும் நிழலையும் தன் அருட்கொடைகளாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அக்கொடைகளை முற்கால முஸ்லிம்கள் பேணிய விதத்திற்கு ஈரானின் யஸ்து நகரம் சான்றாகும்.

பாலைநிலத்து யஸ்தின் வீடுகள்மீது ‘பாத்கீர்’ எனும் காற்றுக் கோபுரங்கள் எழுந்தன. உயரத்தில் வீசும் காற்றை அவை கீழறைக்கு இறக்கின. மறுபுறத் திறப்புகள் வழியே வெப்பக்காற்று வெளியேறியது. சில இல்லங்களில் அக்காற்று நீர்த்தொட்டியைத் தழுவி மேலும் குளிர்ந்தது. தௌலத்தாபாத் தோட்டத்துக் கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரமுடையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துபாய்க் கழிமுகத்தோரம் குடியேறிய ஈரானிய வணிகர்கள் இக்கலையையும் உடன் கொணர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த பகுதியே பஸ்தகிய்யா.

கோபுரச் சுவர்களில் நீண்டிருக்கும் மரக்கழிகளை நாம் வெறும் அழகென எண்ணலாகாது. அவை சுவருக்கு வலுவூட்டின; பழுதுபார்ப்போர் ஏறி நிற்கும் சாரமாகவும் உதவின. கட்டும்போதே பராமரிப்பும் கருதப்பட்டது.

மின்குளிரூட்டிகள் வந்தபின் கோபுரங்கள் கவனிப்பாரற்றுப் போயின. 1980களில் பஸ்தகிய்யாவின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சியவை பின்னர் புதுப்பிக்கப்பட்டன. யஸ்தின் பழைய நகரை 2017இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வக்ஃப் வருவாயில் முதற்செலவு அச்சொத்தின் பழுதுபார்ப்புக்கே உரியது என ஹனஃபி சட்ட அறிஞர்கள் வகுத்தனர். தூசி அடைத்த வடிகட்டியோடு குளிரூட்டியை ஓடவிடுவது மின்சாரத்தை விரயமாக்கும்; பள்ளிவாசலிலோ அது பொதுப்பணத்தின் விரயமுமாகும். புதியதை வாங்குமுன், இருப்பதைத் துப்புரவாக்கி, கதவிடுக்குகளை அடைத்து, வெயில்படும் சாளரங்களுக்கு நிழல் அமைப்போம். பேணுதலும் அமானிதத்தின் ஒரு பகுதியே.