ஒருபக்க எல்லை

ஒரு சார்பின் மாறி, குறித்த புள்ளியொன்றை அதன் இடப்புறத்திலிருந்து மட்டுமோ வலப்புறத்திலிருந்து மட்டுமோ நெருங்க நெருங்க, சார்பின் மதிப்பும் எந்த எண்ணை வேண்டிய அளவு நெருங்கி அதனை விட்டு விலகாது நிற்கிறதோ, அவ்வெண் ஒருபக்க எல்லை எனப்படும். இருபுறமும் அணுகத்தக்க புள்ளியில் இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் தனித்தனியே இருந்து, தம்முள் சமமாகவும் இருந்தாலன்றி, அங்கு எல்லை உண்டென்று சொல்லலாகாது. புள்ளியிலேயே சார்பு பெறும் மதிப்பு இவ்விசாரணையில் சேர்வதில்லை.

ஸ்ரீரங்கத் தீவின் மேற்குத் தலைப்பிலே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மேலணை இதற்குப் பிரத்தியட்ச உதாரணமாகும். நீரோட்டத்தின் வழியே செல்லும் தூரத்தை மாறியாகவும் நீர்மட்டத்தின் உயரத்தைச் சார்பாகவும் கொண்டு, அணையின் கனத்தை ஒரு புள்ளியாகச் சுருக்கி எண்ணுவோமாயின், மதகுகள் மூடியிருக்கும் காலத்தில் மேற்கிலிருந்து அணுகுவோர்க்குத் தேங்கிய நீரின் உயர்ந்த மட்டமும், கிழக்கிலிருந்து அணுகுவோர்க்குக் கீழ்ப்புறத்துத் தாழ்ந்த மட்டமும் எல்லைகளாகக் கிட்டும். இரண்டும் சந்தேகத்துக்கிடமின்றி இருக்கின்றன. ஆயினும் ஒவ்வாமையால் அணைப்புள்ளியில் எல்லை இல்லை. பெருவெள்ளத்தில் இரு மட்டங்களும் ஒன்றாகிவிடுமானால் எல்லை உண்டாகும். அப்போதும் மதகுக் கதவின் உச்சி எவ்வுயரத்தில் நிற்கிறது என்பது வினாவுக்குப் புறம்பானதே. மதகுகள் மூடியிருக்கையில் கண்டதுபோல் இரு ஒருபக்க எல்லைகளும் வேறுபட்டுத் தாவல் நிகழும் புள்ளியில், தக்க நிபந்தனைகளுக்கு உட்பட்ட சார்பின் ஃபூரியே தொடர், இரு ஒருபக்க எல்லைகளின் சராசரியையே அடைகிறது என்று 1829-இல் டிரிஷ்லே நிரூபித்தது, கணித சரித்திரத்தின் அழகிய முடிபுகளுள் ஒன்று.

எல்லை இல்லாமை யாவும் இவ்விதமே என்று மாணவர் பலர் எண்ணிவிடுவது வருந்தத்தக்கது. மாறியின் தலைகீழ் மதிப்புக்குச் சைன் காணும் சார்பு, பூச்சியத்தின் சமீபத்தில் -1க்கும் +1க்கும் இடையே ஓயாது ஊசலாடுவதால், அங்கே ஒருபக்க எல்லைகூடக் கிடையாது. இக்குறை முன்னதினும் ஆழமானது. இதற்கு மாறாக, ஏறிக்கொண்டே செல்லும் சார்பு எத்தனை இடங்களில் தாவினாலும், தன் இடைவெளியின் உட்புள்ளி ஒவ்வொன்றிலும் இரு ஒருபக்க எல்லைகளையும் தவறாது பெற்றிருக்கும். வர்க்கமூலச் சார்போ, மெய்யெண்களுக்குள் பூச்சியத்தின் இடப்புறத்தில் வரையறுக்கப்படாமையால், அங்கு வலப்பக்க எல்லை ஒன்றையே உடையது. அதுகொண்டு எல்லையே இல்லையெனப் பள்ளிக் கணக்கில் முடிவு கட்டுவதுண்டாயினும், சார்பு வரையறுக்கப்பட்ட பகுதிக்குள்ளிருந்து அணுகினாற் போதும் என்னும் பகுப்பியலாரின் வழக்கே கொள்ளத்தக்கது.