வராத ஃபெராரியும் மாறிய எஞ்சினும்: அமெரிக்க கார் விமர்சனத்தில் நகை, 1946–1968

1964 மார்ச் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ இதழின் அட்டையில் ஃபெராரி ஜிடிஓவும் பான்டியாக் ஜிடிஓவும் மோதுகின்றன. அது ஓவியம். புகைப்படமாக எடுத்திருக்க வழியில்லை, ஏனென்றால் இரண்டையும் ஒப்பிட இதழ் நடத்திய சோதனைக்கு ஃபெராரி வரவே இல்லை.

இந்த இதழைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜிம் வேங்கர்ஸின் கண்ணால்தான் அதை வாசிக்கிறார்கள். வேங்கர்ஸ் அன்று பான்டியாக்கின் விளம்பர நிறுவனத்தில் இருந்தவர். 1998இல் வெளிவந்த ‘குளோரி டேஸ்’ என்ற நினைவு நூலில் அவர் ஒரு செய்தியை வெளியிட்டார். சோதனைக்குக் கொடுத்த சிவப்பு காரில் 389 கன அங்குல எஞ்சின் இல்லை, 421 கன அங்குல எஞ்சின் இருந்தது என்பதே அது. அன்றிலிருந்து இந்தக் கட்டுரை விளம்பர வரலாற்றின் ஓர் அத்தியாயமாகிவிட்டது. கட்டுரையின் கேலியும் மிகையும் வாசகரை மயக்கப் பூசிய தேன், உள்ளே இருந்தது சரக்கு விற்பனை என்பது அந்த வாசிப்பின் சாரம்.

வேங்கர்ஸ் சொல்லும் செய்தியை நான் ஐயுறவில்லை. காரைத் தயார் செய்தது மிச்சிகன் மாநிலம் ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் விற்பனையகம். பான்டியாக்கின் 389, 421 எஞ்சின்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பானட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எனவே மாற்றி வைப்பது எளிது. நான் மறுப்பது அந்தச் செய்தியிலிருந்து பெறப்படும் முடிவை. ஏமாற்று எங்கே நடந்தது என்ற கேள்விக்கு ‘நகையில்’ என்று விடை சொல்கிறார்கள். கட்டுரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் விடை நேர்மாறாக இருக்கிறது.

முதலில் அந்த மூன்று எழுத்துகள். ‘ஜிடிஓ’ என்பது ‘கிரான் டூரிஸ்மோ ஓமொலொகாட்டோ’ என்ற இத்தாலியத் தொடரின் சுருக்கம். பந்தய விதிகளின்படி ஏற்பு பெற்ற நெடுந்தூரக் கார் என்று பொருள். மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினோடு 1962 முதல் 1964 வரை ஃபெராரி 36 கார்களே செய்தது. பான்டியாக்கின் ஜிடிஓவுக்கோ அப்படி எந்தப் பந்தய ஏற்பும் கிடையாது. அது டெம்பெஸ்ட் என்ற குடும்பக் காருக்கு ஏறத்தாழ 296 டாலர் கூடுதல் விலையில் கிடைத்த ஒரு விருப்பத் தொகுப்பு. அந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. தனி மாடலாக வைக்காமல் விருப்பத் தொகுப்பாக வைத்ததால் 389 உள்ளே நுழைந்தது. முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. 36 எங்கே, 32,450 எங்கே! பெயரே ஒரு துணிச்சலான போலி. பெயரில் இருந்த அந்த எள்ளலை இதழ் கண்டுகொண்டு, அதை மேடையேற்றியது.

இந்த மேடையேற்றத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை என்பதுதான் என் வாதத்தின் மையம். ஃபெராரியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க முடியவில்லை என்பதைக் கட்டுரையே சொல்லிவிடுகிறது. எதிராளி வராத களத்தில் ஒருவர் தொடை தட்டுகிறார், வாசகரும் அதை அறிந்தே ரசிக்கிறார். தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களில் எள்ளலை முதலில் வைக்கிறார். இங்கே எள்ளல் பான்டியாக்கையும் தொடுகிறது, ஃபெராரியின் பெயருக்குத் தலைவணங்கும் ரசிகரையும் தொடுகிறது. கற்பனை தன்னைக் கற்பனை என்று அறிவித்துக்கொள்ளும்போது அதைப் பொய் என்பது பொருந்தாது.

பொய் இருந்தது எண்களில். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 4.6 வினாடி; கால் மைல் 13.1 வினாடி, கடக்கும்போது வேகம் 115 மைல். சிரிப்பே இல்லாத பகுதி இது. கடையில் 389 எஞ்சினோடு ஜிடிஓ வாங்கியவர் இந்த எண்களைத் தன் காருக்கானவை என்று நம்பினார். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, ஆனால் அது அளந்தது வேறொரு எஞ்சினை. நகை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த அதே பக்கங்களில் அளவை பொய்யைச் சுமந்தது. வேங்கர்ஸ் வழி வாசிப்பு இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

இந்த இரண்டும் ஒரே கட்டுரையில் வந்து சேர்ந்த கதை 1946இல் தொடங்குகிறது. போருக்காக 1942 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட பொதுமக்கள் கார் உற்பத்தி மீண்டும் தொடங்கியிருந்த நேரம். ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் டாம் மெக்கேஹில் எழுத வந்தார். பிரிட்டனின் ‘ஆட்டோகார்’ 1928 முதலே முறையான சாலைச் சோதனைகளை வெளியிட்டுவந்தது. அதன் நடை பொறியாளரின் அறிக்கை நடை. மெக்கேஹில் கடிகாரத்தையும் உவமையையும் ஒருசேரக் கையில் எடுத்தார். பூச்சியத்திலிருந்து 60 மைல் என்ற அளவையை அமெரிக்க வாசகரிடம் பரப்பியவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. டிக்கி எவ்வளவு பெரிது என்று காட்ட உதவியாளரை அதற்குள் ஏற்றிப் படம் எடுத்தார். படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் அது அளவையும்கூட. கன அடிக் கணக்கில் தெரியாத ஒன்று, ஓர் ஆள் முழங்காலை மடக்கிக் கிடக்கும்போது தெரிந்துவிடுகிறது.

அவருடைய உவமைகளை வெறும் அலங்காரம் என்று தள்ளுவது வழக்கமாகிவிட்டது. உவமம் வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாகப் பிறக்கும் என்று நம் இலக்கணம் பிரிக்கிறது. இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் மெக்கேஹிலிடம் மேலோங்கி நிற்பது வினையுவமம். கார் எப்படி இருக்கிறது என்பதைவிட, வளைவில் என்ன செய்கிறது, பிரேக் பிடித்தால் எப்படித் துள்ளுகிறது என்பதையே அவர் உவமிக்கிறார். விளம்பரத்தின் உவமை உருவைப் பாடுவது. அழகு, பளபளப்பு, கம்பீரம். இந்த வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்று உண்டு. 1964இல் ‘கார் அண்ட் டிரைவர்’ ஆசிரியராக இருந்த டேவிட் ஈ. டேவிஸே விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். 1962இல் ஆசிரியராகும் முன் கேம்பெல்-ஈவால்ட் நிறுவனத்தில் செவ்ரலே கார்களுக்கு விளம்பர வாசகம் எழுதியவர். அப்படியானால் இந்த நடை விளம்பரத்தின் பிள்ளைதானே? கைத்திறன் அங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நோக்கமும் அங்கிருந்தே வந்தது என்பதை ஒப்பமாட்டேன். தன் வாடிக்கையாளரின் கார் வெறும் ஆளில்லாப் பந்தயத்தில் வென்றது என்று எந்த விளம்பரக்காரரும் எழுதிக்கொடுக்க மாட்டார். எஞ்சின் மாற்றம் டேவிஸுக்குத் தெரிந்திருந்ததா என்பதை இந்தச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. இதழில் இந்த நடை தொடங்கிய ஆண்டையும் என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ‘ஸ்போர்ட்ஸ் கார்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற இதழ் ‘கார் அண்ட் டிரைவர்’ என்று பெயர் மாறியது 1961இல். அதற்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1968 ஏப்ரல் இதழில் டேவிஸ் எழுதிய பிஎம்டபிள்யூ 2002 விமர்சனம் என் பக்கம் சாட்சி சொல்கிறது. தேவாலயத்தில் போதகர் பாட்டு எண்ணை அறிவித்துச் சபையைப் புத்தகம் திருப்பச் சொல்வாரே, அந்தத் தோரணையில் தலைப்பு. காரின் எண் 2002, பாட்டின் எண்ணும் 2002. கென்டக்கியில் பிறந்தவருக்கு அந்தப் பிரசங்கக் குரல் அந்நியமன்று. காரை அவர் வானளாவப் புகழ்ந்தார். அதன் நடுவே, காரில் இருந்த பிளாபுங்க்ட் வானொலி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அக்கரையிலிருந்து மன்ஹாட்டன் நிலையத்தைக்கூடப் பிடிக்காது என்ற பொருளில் ஒரு கேலி. பிளாபுங்க்ட் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியதாகவும், அந்தத் தகராறே அவர் இதழைவிட்டு விலகக் காரணம் என்றும் சொல்லப்படுகிறது. விலகலின் காலவரிசையில் கூற்றுகள் ஒத்துப்போகவில்லை என்பதால் அதன்மேல் பாரம் ஏற்றமாட்டேன். கேலியின் அமைப்பை மட்டும் பார்க்கலாம். பெயருள்ள ஒரு பாலம், ஆற்றின் இரு கரைகள், ஒரு வானொலிப் பெட்டி. கார் வைத்திருக்கும் எந்த நியூயார்க்காரரும் அன்று மாலையே அக்கரைக்குப் போய்க் குமிழைத் திருகிச் சரிபார்க்கலாம். 4.6 வினாடியை அப்படிச் சரிபார்க்க 1964இல் வாசகர் எவருக்கும் வழி இருக்கவில்லை.