பிர்சா முண்டா: ஈர்ப்புத் தலைமையும் தொன்மமும்

பிர்சா முண்டா (1875–1900) சோட்டாநாகபுரி மேட்டுநிலத்தில் முண்டா பழங்குடியினரின் எழுச்சிக்குத் தலைமை ஏற்றவர். ஈர்ப்புத் தலைமைக்கும் தொன்மத்துக்கும் உள்ள உறவுக்கு இந்திய வரலாற்றில் தெளிவான சான்று அவரது வாழ்வு. தலைவரின் அசாதாரண ஆற்றல் அவரைப் பின்பற்றுவோரின் ஏற்பில்தான் நிலைபெறுகிறது என்றார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் (1864–1920). அந்த ஏற்பு கதையாக உருப்பெறும்போது தொன்மம் பிறக்கிறது.

பின்புலம்: காட்டைத் திருத்திய குலத்தாருக்கே நிலம் கூட்டாக உரியது என்பது முண்டாக்களின் குந்த்கட்டி முறை. 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த ஜாகிர்தார்களும் வட்டிக்காரர்களும் இந்த உரிமையைக் குலைத்து, கூலியில்லா வேலையையும் சுமத்தினர். இவர்களை முண்டாக்கள் ‘திக்கு’ என்றனர். சர்தார்கள் எனப்பட்ட மூத்தோர் பல்லாண்டுகள் மனுக்கள் அனுப்பியும் வழக்காடியும் பயன் கிட்டவில்லை. இழந்த நிலம் மீளும் என்ற ஏக்கம் பிர்சா தோன்றும் முன்பே அங்கு வேரூன்றியிருந்தது.

தொன்மத்தின் பிறப்பு: உலிஹாத்து ஊரில் பிறந்ததாகக் கருதப்படும் பிர்சா, சாய்பாசாவில் ஜெர்மானிய மிஷன் பள்ளியில் படித்துப் பின்னர் அதை விட்டு விலகினார். அடுத்து ஒரு வைணவரிடம் பழகினார். 1895இல் தம்மைக் கடவுளின் தூதர் என்று அறிவித்தார். சிங்போங்கா என்ற ஒரே கடவுளை வணங்கவும், ஆவி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கைவிடவும் போதித்தார். காட்டில் மின்னல் தாக்கி அவர் முகம் ஒளிபெற்றது என்ற கதை பரவியது. அவர் தொட்டால் நோய் தீரும் என்று நம்பி நோயாளிகள் சல்காட் கிராமத்துக்குத் திரண்டனர். மக்கள் அவரைத் ‘தர்தி ஆபா’, அதாவது மண்ணின் தந்தை, என்று அழைத்தனர். உலகம் அழியப்போகிறது, தம்மை அண்டியோரே பிழைப்பர் என்ற அவரது முன்னறிவிப்பு நிறைவேறவில்லை. ஆயினும் நிலம் பற்றிய நம்பிக்கையை அவரிடம் ஒப்படைத்திருந்த மக்கள் விலகிச் செல்லவில்லை. 1895 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தது. அதனால் அவர் பெயர் மேலும் பரவியது.

எழுச்சி: விடுதலைக்குப் பின் அவர் சுட்டியா, ஜகந்நாத்பூர் கோயில்களுக்குச் சென்றார். அவை முன்னோருக்கு உரியவை என்பது முண்டாக்களின் நம்பிக்கை. இப்பயணங்கள் பழம்பெருமையை நிலவுரிமைக் கோரிக்கையோடு பிணைத்தன. 1899 டிசம்பரில் ‘உல்குலான்’ எனும் பெருங்கிளர்ச்சி வெடித்தது. எதிரியின் தோட்டாக்கள் நீராகிவிடும் என்ற நம்பிக்கை வில்லேந்தியவர்களுக்குத் துணிவூட்டியது. 1900 ஜனவரி 9 அன்று சைல் ரகாப் குன்றில் கூடியிருந்தோர் மீது படை சுட்டதில் பலர் மாண்டனர். பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா, ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். காலராவே காரணம் என்றது அரசு. ஆதரவாளர் பலர் அதை நம்பவில்லை.

இறப்புக்குப் பின்: தலைவர் மறைந்தபின் அவரது ஈர்ப்பு நிலையான அமைப்புகளுக்குள் சென்று சேரும் என்பது வெபரின் கருத்து. பிர்சாவின் செல்வாக்கு மூன்று வழிகளில் தொடர்ந்தது. பிர்சாயித் என்ற சமயக் குழு அவரது போதனையைக் காத்துவருகிறது. எழுச்சியின் அழுத்தத்தால் வந்த 1908ஆம் ஆண்டின் சோட்டாநாகபுரி குத்தகைச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்று, பழங்குடி நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தியது. மூன்றாவது வழி பாடலும் எழுத்தும். வாய்மொழிப் பாடல்களையும் ஆவணங்களையும் கொண்டு குமார் சுரேஷ் சிங் அவரது வரலாற்றை எழுதினார். மகாசுவேதா தேவியின் ‘ஆரண்யேர் அதிகார்’ என்ற வங்க நாவல் அவரைப் பரந்த வாசகரிடம் கொண்டுசேர்த்து, 1979இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

இன்றைய நிலை: ஜார்க்கண்ட் மாநிலம் அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் நவம்பர் 15 அன்று 2000இல் உருவானது. 2021 முதல் அந்நாள் நாடெங்கும் பழங்குடியினர் பெருமை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசு போற்றும் அதே பெயரை அரசை எதிர்ப்போரும் ஏந்துகின்றனர். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த மாநில அரசு 2016இல் முயன்றபோது, பழங்குடி அமைப்புகள் பிர்சாவின் பெயரால் போராடின. 2017இல் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.