நடுத்தொலைவு ஓட்டக்காரரின் குளிர்காலப் பயிற்சி

800 மீட்டர், 1,500 மீட்டர், ஒரு மைல் ஆகிய பந்தயங்களில் ஓடுவோர், கோடைக்காலப் போட்டிகள் முடிந்து சில வாரம் ஓய்வெடுத்த பின், அடுத்த பருவத்துக்கு உடலைத் தயார்செய்யும் பல மாதப் பயிற்சி குளிர்காலப் பயிற்சி எனப்படும். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது; நியூசிலாந்து போன்ற தென் அரைக்கோள நாடுகளில் மே, ஜூன் மாதங்களில் தொடங்குகிறது.

தேர்ந்த வீரருக்கு 800 மீட்டர் ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றாலும், அதற்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியிலேயே கிடைக்கிறது. 1,500 மீட்டரில் இந்தப் பங்கு ஏறத்தாழ ஐந்தில் நான்கு. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுவதும், தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்களும் ஆற்றலை உண்டாக்கும் உயிரணு உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுவதும் மாதக்கணக்கில் படிப்படியாக நிகழ்பவை. ஆக்சிஜன் போதாத கடும் வேகத்தைத் தாங்கும் திறனோ சில வாரங்களிலேயே கூர்மை பெற்றுவிடும். முதலாவதைக் குளிர்காலத்திலும் இரண்டாவதைப் போட்டிகளை ஒட்டியும் வைப்பதற்கு இதுவே காரணம்.

இந்த வரிசைமுறையை உலகறியச் செய்தவர், ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட். தம் உடலையே சோதனைக்களமாக்கிப் பல ஆண்டுகள் ஓடிப் பார்த்த பிறகு, அவர் தம் வீரர்களை, 800 மீட்டர் ஓடுபவர் உட்பட, வாரத்துக்குச் சுமார் 100 மைல் (160 கிலோமீட்டர்) ஓட வைத்தார்; அவர்களுடைய நீண்ட ஓட்டம் வைட்டாக்கரே மலைத்தொடரின் ஏற்ற இறக்கங்கள் வழியே 22 மைல் நீண்டது. அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் அதே நாளில் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். 1961 டிசம்பரில் முழு மாரத்தான் ஓடிய ஸ்னெல், மறுமாதமே வாங்கனூயியின் புல்தரை ஓடுபாதையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 வினாடியில் கடந்து உலக சாதனை படைத்தது, நெடுந்தொலைவுப் பயிற்சி வேகத்தைக் கொன்றுவிடும் என்ற அச்சத்துக்குக் கிடைத்த மிக வலுவான மறுப்பாகும்.

லிடியார்டின் முறை மெதுவாக ஓடுவது என்று பலரால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அவர் கேட்டது சோம்பலான ஓட்டமன்று. மூச்சு வாங்காத எல்லைக்குள், ஆனால் அந்த எல்லையை நெருங்கிச் செல்லும் சீரான ஓட்டம். அதற்குப் பின் சில வாரம் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி கால்களுக்கு வலுவூட்ட, அதன் பிறகே ஓடுபாதையில் வேகப் பயிற்சி இடம்பெற்றது.

இதற்கு மாறாக, பிரிட்டனின் நடுத்தொலைவு ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோவின் தந்தையும் பயிற்சியாளருமான பீட்டர் கோ, ஓடும் தொலைவைக் குறைத்து, ஆண்டு முழுவதும் பலவகை வேகங்களையும் விடாமல் பழக்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் வலுவூட்டும் பயிற்சிகளும் அத்திட்டத்தில் முக்கிய இடம்பெற்றன. அண்மைக்கால நார்வே வீரர்கள், கடும் ஓட்டத்தில் தசைகளில் உண்டாகும் லாக்டேட் இரத்தத்தில் விரைந்து சேரத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே, சில நாட்களில் காலையும் மாலையுமாக இருமுறை, இடைவெளிவிட்டு ஓடுகின்றனர். விரல்நுனியிலோ காதுமடலிலோ எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் அந்த வேகம் கண்காணிக்கப்படுகிறது. மூன்று முறைகளும் ஆக்சிஜன் வழித் திறனை அடித்தளமாகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன. வேகத்தை எவ்வளவு காலம் ஒதுக்கிவைக்கலாம் என்பதில்தான் வேறுபடுகின்றன. வாரத்தில் ஓரிரு முறை 100 மீட்டர் அளவிலான தளர்வான விரைவோட்டங்களையாவது தொடர்வதே பாதுகாப்பானது.

திட்டம் முதன்மைப் போட்டியின் நாளிலிருந்து பின்னோக்கி வகுக்கப்படுகிறது. வயல்வெளி, சேற்றுநிலம் வழியே ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டிகளும், 200 மீட்டர் சுற்றளவுள்ள உள்ளரங்க ஓடுபாதைகளில் நடக்கும் பந்தயங்களும் இடையில் வருவதால், அவற்றில் எதைப் பயிற்சியாகக் கருதுவது, எதற்காகச் சுமையைக் குறைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வாரத் தொலைவைத் திடீரென உயர்த்துவோருக்கு முன்னங்கால் எலும்பில் அழுத்த முறிவு நேரலாம். வசந்தத்தில் ஆணிக்காலணிக்கு மாறும்போது கெண்டைத்தசையும் குதிகால் தசைநாணும் பெருஞ்சுமைக்கு உள்ளாகின்றன என்பதால், குளிர்காலத்தின் இறுதி வாரங்களிலேயே சிறுசிறு ஓட்டங்களுக்கு அக்காலணிகளை அணிந்து பழகுவது நல்லது.